மான்களைப் பற்றிய மறைநோய்

நோய் முற்றி உடல் சாய்ந்தபின் அதனைக் கண்டு கூறுதற்குப் பண்டிதன் வேண்டுவதில்லை. குறி தோன்றுமுன் கண்டறிவதே அருமை. வட அமெரிக்கக் காடுகளில் மான்களை மாய்த்துவரும் மெலிவு நோய் இதற்குத் தக்க சான்றாகும்.

1967ம் வருஷத்தில் கொலராடோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடையே இந்நோய் முதன்முதல் தென்பட்டது. 1981ல் காட்டு விலங்கிலும் காணப்பட்டது. 2016ல் நார்வே தேசத்துக் காட்டுக் கலைமானிடத்தும் வெளிப்படவே, அத்தேசத்துச் சர்க்கார் 2,000க்கு மேற்பட்ட மந்தை முழுவதையும் கொன்றொழிக்க நேர்ந்தது.

இதற்குக் காரணம் கிருமியன்று. பிரியான் என்னும் உருத்திரிந்த புரதமேயாம். அது நல்ல புரதத்தைத் தீண்டித் தன்னைப் போலவே திரித்துவிடுகின்றது. இவ்வுண்மையை நாட்டிய ஸ்டான்லி புரூசினர் 1997ல் நோபல் பரிசு பெற்றார். நோய் பற்றிய மான் ஓராண்டுக்கு மேலும் கொழுத்துத் திரியும். அக்காலத்திலேயே அதன் உமிழ்நீரும் சிறுநீரும் சாணமும் நஞ்சைப் பரப்பும். மண்ணிற் சேர்ந்த நஞ்சு பல்லாண்டு அழிவதில்லை. மருந்தோ இல்லை.

இறந்த மானின் மூளைத்தண்டையும் தொண்டைக் கழலைகளையும் சோதிப்பதே நெடுநாள் வழக்கம். உயிருள்ள மானின் உள்நாக்குச் சதையையோ, ஆசனவாய்ச் சதையையோ சிறிது கிள்ளியும் சோதிக்கலாம். ஆனால் காட்டு மானைப் பிடித்து மயக்குவது எளிதன்று. இப்போது ஆர்.டி.குயிக் என்றதொரு முறை வந்துளது. ஆய்வுசாலையில் ஆக்கிய நல்ல புரதத்தில் மானின் தசைத்துணுக்கைச் சேர்த்துக் குலுக்குவர். அணுவளவு நஞ்சிருப்பினும் அது பல்கிப் பெருகும். உடன் சேர்த்த சாயம் ஒளிவிட்டுக் காட்டிக்கொடுக்கும். காதுத் துணுக்கிலும் சாணத்திலும் இதனைப் பரீட்சித்து வருகின்றனர். தொடக்க நிலையில் நஞ்சு மிகச் சொற்பமாதலின், இம்முறையும் சில வேளை தவறக்கூடும்.

மான்களின் கேடு நமக்கென்ன என்பார்க்கு ஒன்று கூறுவோம். இந்நோய் மனிதரைப் பற்றியதாக இதுவரை நிரூபணமில்லை, மெய்யே. பிரிட்டனில் பசுக்களின் பித்துநோயைப் பற்றியும் மந்திரிகள் இவ்வாறே அபயமளித்தனர். 1996ல் அவர்களே மாற்றிப் பேச நேர்ந்தது. அந்நாட்டில் 170க்கு மேற்பட்டோர் மாண்டனர். சான்று இல்லை என்பது வேறு, அபாயம் இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறும் சர்க்கார் ஜனங்களுக்குத் துரோகம் செய்வதாகும்.

ஆகவே வேட்டைக்காரன் கொணரும் ஒவ்வொரு தலையையும் காலதாமதமின்றிப் பொதுச்செலவில் சோதித்து, முடிவை ஒளியாது வெளியிடுவதே நீதி. நோய் ஒளிந்து பரவலாம். ஆட்சியாளர் அதனை ஒளித்தல் தகாது.