இரும்புக்கை மாயாவிக்கு முன்னால் ஒரு அனிதா

எண்பதுகள்ல தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வளர்ந்தவங்களா நீங்க? அப்போ இரும்புக்கை மாயாவியைத் தெரியாம இருக்க வாய்ப்பே இல்ல. ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக் கை மட்டும் அந்தரத்துல தெரியுமே, அவரேதான்! 1972-ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் இதழே அவர் கதைதான்.

அந்தக் கதை முதல்ல வந்தது லண்டன்ல, 1962-ல, 'வேலியண்ட்' பத்திரிகையில. படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். இருட்டையும் நிழலையும் வெச்சே மிரட்டின இந்த மனுஷன், அதுக்கு இருபது வருஷம் முன்னாடி பொம்பளப் பிள்ளைங்க பத்திரிகைக்கு வரைஞ்சிட்டிருந்தார்.

1939-ல ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடியுது. அப்புறம் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சி. சாப்பாட்டுக்கு ரேஷன், காகிதத்துக்குப் பஞ்சம், அச்சேறணும்னா தணிக்கை. பள்ளிக்கூடத்துல பசங்க தனி, பொண்ணுங்க தனி. பத்திரிகையும் அப்படியே பிரிஞ்சுது. பசங்களுக்கு ஏற்கெனவே 'சிகோஸ்' நடத்திட்டிருந்த கொன்சுவேலோ ஹில்ங்கிற அம்மா, 1941-ல பொண்ணுங்களுக்குன்னு 'மிஸ் சிகாஸ்' கொண்டு வந்தாங்க. அதுல பிளாஸ்கோ வரைஞ்சவதான் அனிதா. அப்பா அம்மா கிடையாது, பாட்டிதான் துணை. சூனியக்காரிகிட்ட மாட்டுவா, மந்திரவாதிகிட்ட மாட்டுவா, தப்பிச்சும் வந்துடுவா. பொண்ணுன்னா தையலும் அடுப்பும் போதும்னு அரசாங்கமே சொல்லிக் கொடுத்த காலத்துல இப்படி ஒருத்தி! பின்னாடி 'அசுசேனா', 'ஃபுளோரிதா'ன்னு இதழ்கள் வந்துச்சு. தேவதைக் கதை, காதல், நல்ல குடும்பத்துப் பொண்ணு எப்படி நடந்துக்கணும்ங்கிற பாடம். என்னைக் கேட்டா அனிதாவுக்குப் பக்கத்துல அந்தக் கதை நாயகிங்க யாரும் நிக்க முடியாது.

ஐம்பதுகள்ல பார்சிலோனா ஏஜென்சிகள் வழியா பிளாஸ்கோ மாதிரி அந்த ஊர் ஓவியர்கள் லண்டன் பத்திரிகைகளுக்கு வரைய ஆரம்பிச்சாங்க. அங்க பணம் ஜாஸ்தி. காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைஸியை 1970-லிருந்து வரைஞ்ச ரொமேரோவும் பார்சிலோனாதான். அந்த மாடஸ்டியோடதான் 1984 ஜூலையில நம்ம லயன் காமிக்ஸ் பிறந்துச்சு.

லயனோட முதல் இதழ்லயே நாயகி வந்தும், முத்து, லயன், ராணி காமிக்ஸ்னு எதுவும் பொண்ணுங்களை நினைச்சு வந்ததில்ல. காசு கொடுத்து வாங்குறவன் பையன்தான்னு ஒரு கணக்கு. அண்ணன் படிச்சுட்டு வீசினதை எடுத்துப் படிச்ச தங்கச்சிங்க அந்தக் கணக்குல வரவே இல்ல. அது தப்புக் கணக்கு.

லயன்-முத்து காமிக்ஸ் இன்னிக்கும் சிவகாசியிலிருந்து வந்துட்டுதான் இருக்கு. அவங்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிளாஸ்கோவோட மாயாவியைப் பல தடவை மறுபதிப்பு போட்டுட்டீங்க, ஒரே ஒரு தடவை அவரோட அனிதாவையும் தமிழ் பேச வைங்க. முன்பதிவுக்கு தாம்பரத்துலேர்ந்து முதல் பணம் என்னோடது.