காசக் கிருமியின் கபடம்

கோடைக் காலத்தில் கோவில்பட்டிக் கரிசலில் ஒரு பசும்புல்லைக் காண்பதும் அரிது. ஐப்பசி மழை விழுந்ததும் வெடித்த நிலமெல்லாம் பச்சை பூத்து விடுகிறது. மண்ணில் உறங்கிய விதை காலமறிந்து கண் விழிக்கிறது. க்ஷயரோகக் கிருமியின் இயல்பும் இத்தகையதே. அதன் செயல்களை வகுக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய 4,000. இருக்கும் இடத்துக்கேற்ப அவற்றுள் சில விழிக்கும்; சில உறங்கும். நம் உடலுக்குள் புகுந்தபின் விழிப்பவை எவை?

இக்கேள்வியை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. டாக்டர் லலிதா ராமகிருஷ்ணன் 1959-இல் பரோடாவில் பிறந்தார். பெற்றோர் இருவரும் விஞ்ஞானிகள். சிதம்பரத்தில் பிறந்து, 2009-இல் நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் இவருடைய தமையனார். பரோடாவில் வைத்தியம் கற்ற லலிதா, அமெரிக்கா சென்று, ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஸ்டான்லி பால்கோவிடம் ஆராய்ச்சி பழகினார்.

மீனுக்கும் தவளைக்கும் காசம் உண்டாக்கும் கிருமி ஒன்று உண்டு. மனிதரைப் பற்றும் காசக் கிருமிக்கு அது நெருங்கிய உறவு. மரபணு விழித்தால் பச்சை ஒளி வீசும்படி அக்கிருமியில் ஓர் அடையாளம் அமைத்துத் தவளைக்குள் செலுத்தினார்கள். கிருமியைச் சிறைவைக்க உடல் வெள்ளணுக்களால் ஒரு கட்டியை எழுப்புகிறது. அதற்குள் சிறப்பாக விழிக்கும் சில மரபணுக்கள் புலப்பட்டன. அவற்றைச் சார்ந்த இரண்டைச் சிதைத்தபோது, வெள்ளணுவுக்குள் பெருகும் வலிமையைக் கிருமி இழந்தது. இது 2000-இல் வெளியாயிற்று.

பின்னர் நம் நாட்டு ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனை அவர் துணைக்கொண்டார். அதன் குஞ்சு கண்ணாடிபோல் தெளிவானது. உள்ளே நடப்பதை உயிருடனேயே பார்க்கலாம். சிறை என்று நம்பப்பட்ட கட்டி, தொடக்கத்தில் கிருமிக்குச் சத்திரமாகவே உதவுகிறது என்று 2009-இல் காட்டினார். இறக்கும் வெள்ளணுவை விழுங்கப் புதியவை பல வருகின்றன; அவற்றிலும் கிருமி குடியேறுகிறது. அவற்றை வரவழைப்பதும் கிருமியின் ஒரு மரபணுத் தொகுதியே.

2011-இல் அவர் குழுவினர் கண்டது குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. வெள்ளணுவுக்குள் புகுந்த கிருமி, மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஏற்பாட்டை முடுக்கிக்கொள்கிறது. வெளியே மருந்துக்கு மடியும் அதே கிருமி உள்ளே தாக்குப்பிடிக்கிறது. இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் வெரபமில் என்னும் பழைய மருந்து அவ்விறைப்பைத் தளர்த்துவதையும் சோதனையில் கண்டார்கள்.

லலிதா 2014-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 2018-இல் ராயல் சங்கத்தின் அங்கத்தினரானார்.

இருமல் அடங்கி, உடம்பில் சற்றுச் சதைபிடித்தவுடன், "இனி மருந்து எதற்கு?" என்று நிறுத்துவோர் உண்டு. நோயாளி தேறிய பின்பும் உள்ளே கிருமி பதுங்கியிருக்கக் கூடும். வைத்தியர் குறித்த கடைசி நாள்வரை மருந்து உண்ணச் செய்வது வீட்டாரின் கடமை.