சரக்கு வண்டிக்குள் ஒரு காவல் கண்

பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் இரவு பகலாக ஷிப்டு முறையில் இயங்கும் ஊர் நெய்வேலி. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரிய வேண்டும். அதற்கு முன்னதாகவே பாலும் காய்கறியும் கடைக்கு வந்துவிட வேண்டும். ஆகவே மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் கடை வைத்திருக்கும் நமக்காக ஒரு குட்டியானையோ, லாரியோ நள்ளிரவில் எங்கோ புறப்பட்டாக வேண்டியிருக்கிறது. கோயம்பேட்டிலிருந்து வந்தாலும் சரி, பண்ருட்டி மண்டியிலிருந்து வந்தாலும் சரி, கடைசிக் கட்டப் பயணம் பனி இறங்கும் விடியற்காலையில்தான் அமைகிறது.

மார்கழி, தை மாதங்களில் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் சாலையில் ஆர்ச் கேட் பக்கமோ, வடலூர் பக்கமோ அந்நேரத்தில் வந்தவர்களுக்கு நிலைமை தெரியும். முன்னே போகும் வண்டியின் பின்விளக்கே கண்ணுக்குப் படுவதில்லை. பனி ஒரு பக்கம், தூக்கம் மறு பக்கம். இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை மனித உடல் இயல்பாகவே சோர்ந்து போகும் நேரம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் இரண்டு நொடி கண் அயர்ந்தால், 33 மீட்டர் தூரம் அந்த வண்டிக்கு ஓட்டுநரே இல்லை என்று பொருள்.

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம். பனிமூட்ட வேளையில் நடந்த விபத்துகளில் மட்டும் நாடெங்கும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வண்டிக்குள் காமிரா பொருத்துவது பற்றி வணிகர்கள் யோசிக்க வேண்டிய காரணம் இதுதான்.

இரு வகைக் காமிராக்கள்

முதல் வகை, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் படம் பிடிப்பது. விபத்து நேர்ந்தால் யார் மீது தவறு என்பதற்கு இது சாட்சி. ரஷ்யாவில் காப்பீட்டு மோசடிகளுக்கு அஞ்சி வாகன ஓட்டிகள் இதைப் பெருமளவில் வாங்கினர். 2013 பிப்ரவரியில் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் விழுந்த காட்சி உலகுக்குக் கிடைத்ததும் இத்தகைய கார் காமிராக்களால்தான்.

இரண்டாம் வகை, ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுவதால் இருட்டிலும் இமைகளைக் கவனிக்கும். இமை வழக்கத்தைவிட நீண்ட நேரம் மூடியிருந்தால் ஒலி எழுப்பி எச்சரிக்கும். பேருந்துகளுக்கும் நடுத்தர, கனரக லாரிகளுக்கும் இத்தகைய எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு அறிவிப்பை மத்திய அரசு 2025 மார்ச்சில் வெளியிட்டது. நம்முடைய சிறு சரக்கு வண்டிகளுக்கு நாமே முயன்று பொருத்திக்கொண்டால்தான் உண்டு.

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். சாலைக் காமிரா பனியை ஊடுருவிப் பார்ப்பதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. பனியில் வேகத்தைக் குறைப்பதும், உயர் ஒளியைத் தவிர்த்துத் தாழ் ஒளியில் செல்வதும், தேவையானால் சாலையை விட்டு ஒதுங்கி நிற்பதுமே வழி. “பனி தாங்கும் காமிரா” என்று விற்பவர்கள் சொல்வதன் பொருள், அதன் வில்லையில் ஆவி படியாது என்பது மட்டுமே.

ஆவி படிவது ஏன்?

ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொடும்போது அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. மழையில் கதவுகளை அடைத்துக்கொண்டு போனால் உட்புறம் மங்கும். ஏ.சி.யை மிகக் குளிராக வைத்தால் வெளிப்புறம் மங்கும். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்பதால் இந்த வேறுபாடு இனி லாரிக்காரர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே மங்கினால் காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்புக, ஏ.சி. இல்லாத வண்டியில் கதவுக் கண்ணாடியைச் சற்று இறக்குக. வெளியே மங்கினால் குளிரைக் குறைத்து வைப்பரை ஓட்டுக.

நம் வியாபாரத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஆம்னி போன்ற வண்டிகளில் ஓட்டுநர் இருக்கையும் சரக்கு வைக்கும் இடமும் ஒன்றே. நனைந்த கீரைக் கட்டு, ஈரச் சாக்கு, வாழையிலை எல்லாம் இரவெல்லாம் ஈரத்தை வெளியிட, கண்ணாடி மங்குகிறது. சரக்கைத் தார்ப்பாயால் மூடினாலே பாதி தொல்லை தீரும். கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருந்தால் ஆவி மேலும் விரைவாகப் படியும். வாரம் ஒருமுறை துடைப்பது நல்லது.

ஆவி படியாத பூச்சு என்பது நீர்த்துளிகளை மெல்லிய ஏடாகப் பரவச் செய்து பார்வையைத் தெளிவாக வைப்பது. நாளடைவில் தேய்ந்துவிடும், மறுபடி பூச வேண்டும். ஆனால் முன்கண்ணாடியில் ஒட்டுப் படலம் எதையும் ஒட்டிக்கொள்ள வேண்டாம். அத்தகைய படலங்களை 2012ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. பின்னர் விதிகளில் திருத்தம் வந்திருந்தாலும் வழியில் வீண் தகராறு நமக்கெதற்கு?

கழற்றி மாட்டும் வசதி

கத்திரி வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியையும் தாண்டும். லித்தியம் பேட்டரி உள்ள காமிரா அங்கேயே கிடந்தால் பேட்டரி உப்பிவிடும். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ள காமிராவே நம் ஊருக்கு ஏற்றது. மண்டியில் வண்டியை இரவு முழுதும் நிறுத்தும்போது திருட்டு பயமும் உண்டு. எனவே தாங்கி கண்ணாடியிலேயே இருக்க, காமிராவை மட்டும் கழற்றிக் கொள்ளும் அமைப்பு வேண்டும். வாடகை வண்டியில் சரக்கு எடுப்பவர்கள் ஒரே காமிராவை வண்டிக்கு வண்டி மாற்றிக்கொள்ளவும் இது உதவும்.

காற்றுறிஞ்சிக் கிண்ணம் சூட்டில் கழன்று விழக்கூடும். ஒட்டு நாடாத் தாங்கி உறுதியானது. கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டி, ஒரு நாள் கழித்தே காமிராவை மாட்டுக. உள்கண்ணாடிக்குப் பின்னால், இடப்பக்கமாக, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் வைத்தால் ஓட்டுநரின் பார்வையும் மறையாது, மழைநீரும் தடுக்காது. முகம் பார்க்கும் காமிராவை வேறு வண்டிக்கு மாற்றினால், அங்கு அமரும் ஓட்டுநரின் உயரத்துக்கேற்பக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். காற்றுப்பை விரியும் வழியில் காமிராவோ கம்பியோ இருக்கலாகாது.

பதிவு எதற்கு?

64 ஜி.பி. அட்டையில் ஏறத்தாழ எட்டு மணி நேரப் பதிவு தங்கும். பிறகு பழையதன் மேலேயே புதியது பதியும். ஆகையால் விபத்து நேர்ந்தவுடன் அடிபட்டவருக்கு உதவி செய்துவிட்டு, காமிராவை அணைத்து அட்டையைப் பத்திரப்படுத்துக. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்கச் சான்றிதழ் தேவை. அசல் அட்டையை வெட்டாமல், திருத்தாமல் வைத்திருப்பதும், காமிராவில் தேதியும் நேரமும் சரியாக இருப்பதும் அவசியம்.

இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. வாரத்தில் மூன்று நாள் விடிகாலை நான்கு மணிக்கு எச்சரிக்கை ஒலித்திருந்தால், அது ஓட்டுநர் மீதான புகாரன்று. நாம் குறித்த நேரத்தின் மீதான புகார். மாலை வரை கடையில் மூட்டை இறக்கியவரையே இரவு வண்டி ஓட்ட அனுப்பியிருப்போம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வரம்பு வகுத்தது. ஐந்து பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆனால் தூக்கம் ஆள் கணக்குப் பார்த்து வருவதில்லையே! புறப்படும் நேரத்தை முன்னே தள்ளலாம், வழியில் அரை மணி உறங்கச் சொல்லலாம், சரக்கு ஒரு மணி தாமதமானால் பொறுத்துக் கொள்ளலாம்.

பதிவைக் காட்டிச் சம்பளம் பிடித்தால் மறுநாளே காமிராவின் மேல் ஒரு துண்டு விழுந்துவிடும். காமிரா இருப்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லி, எதற்கென்று விளக்கி, அவர் சம்மதத்தோடு பொருத்துவதே முறை. உரையாடலைப் பதியும் ஒலிவாங்கியை அணைத்து வைக்கலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

சங்கம் செய்யக் கூடியது

நாக்பூரில் 2021 செப்டம்பரில் தொடங்கிய ‘ஐராஸ்தே’ திட்டத்தில் நகரப் பேருந்துகளில் முன்பக்கக் காமிராக்களைப் பொருத்தினார்கள். ஓட்டுநரை எச்சரிப்பதோடு, எந்த இடத்தில் அடிக்கடி எச்சரிக்கை ஒலிக்கிறது என்று கணக்கெடுத்து, விபத்து நேரும் முன்பே ஆபத்தான இடங்களை அடையாளம் காண்பதும் அதன் நோக்கம். அதே வேலையை நம் அளவில் நாமும் செய்யலாம். உறுப்பினர்களின் வண்டிகளில் எச்சரிக்கை ஒலித்த இடங்களைக் குறித்துவைத்து, விளக்கோ, ஒளிரும் பலகையோ கேட்டு மாவட்ட நிர்வாகத்திடம் சங்கத்தின் பெயரால் மனுக் கொடுக்கலாம். பத்துக் கடைகள் சேர்ந்து வாங்கினால் விலையும் படியும். உத்தரவாத அட்டையும் ஜி.எஸ்.டி. பில்லும் கேட்டுப் பெறவும் வலு கூடும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அழுகிய தக்காளியின் நட்டத்தை அடுத்த லோடில் ஈடு கட்டிக்கொள்ளலாம். ஓட்டி வந்தவரின் உயிரை எந்த லோடிலும் ஈடு கட்ட முடியாது. வரும் மார்கழிக்கு முன்னால் இதைச் சங்கக் கூட்டத்தில் வைத்து ஒரு முடிவெடுப்போம்.