முகிலை முன்கூட்டியே கணக்கிடும் கெமரா

கடைக் கூரையில் சோலார் பூட்ட நினைக்கும் வர்த்தகச் சகோதரர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது, "மாதத்துக்கு எத்தனை யூனிட் வரும்?" என்பதைத்தான். அடுத்த 10 நிமிடத்தில் எவ்வளவு வரும் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் மின் வலையமைப்பை நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்விதான் தலைவலி. அந்தத் தலைவலி கடைசியில் நமது கல்லாப்பெட்டிக்கும் வந்து சேர்கிறது.

சூரியனைத் தடித்த முகில் மறைத்தால் ஒரு சோலார் தொகுதியின் உற்பத்தி ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கக்கூடும். அவுஸ்திரேலியாவின் மத்தியிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தனியான மின் வலையமைப்பு உண்டு. 2019 ஒக்டோபர் 13ஆம் திகதி முகில்கள் நகரைக் கடந்தபோது கூரைச் சோலார் மின்சாரம் குறைந்தது. அந்தச் சுமை முழுவதும் ஜெனரேட்டர்கள் மீது விழுந்தது. அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. பல மணி நேரம் நகரில் மின்சாரம் இல்லை.

இதற்கு ஒரு தீர்வாக வந்திருப்பதுதான் வானத்தைப் பார்க்கும் கெமரா. மீன்கண் வில்லை பொருத்தப்பட்ட இது, முழு வானத்தையும் சில செக்கன்களுக்கு ஒரு தடவை படமெடுக்கும். தெளிந்த வானத்தில் நீலம் மேலோங்கி நிற்கும். முகிலிலோ சிவப்பும் நீலமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இதை வைத்து எங்கே முகில் என்பதைக் கணினி பிரித்தறிகிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, முகில் எத்திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது, எப்போது சூரியனை மறைக்கும் என்று கணிக்கிறது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் முகில் 10 நிமிடத்தில் 6 கிலோமீற்றர் கடக்கும். எனவே கெமராவின் கணிப்பு ஏறத்தாழ 20 நிமிடத்துக்குள்தான் பயன்படும். அதற்கு மேல் சில மணி நேரத்துக்குச் செய்மதிப் படங்கள் வேண்டும். நாளைய நிலவரத்துக்கு வானிலைக் கணிப்பு வேண்டும்.

பத்து நிமிடம் போதுமா? தயாராக நிற்கும் டீசல் ஜெனரேட்டரை இயக்க அது தாராளம். மாலைதீவு போல டீசலை நம்பியுள்ள தீவுகளில், எந்நேரமும் ஒரு ஜெனரேட்டரை வீணே ஓடவிடுவதை இதனால் குறைக்கலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் கராத்தா விமான நிலையத்திலுள்ள 1 மெகாவோட் சோலார் நிலையத்தில் இத்தகைய கெமராக்கள் பூட்டப்பட்டன. முகில் நெருங்கும்போது உற்பத்தியை முன்கூட்டியே படிப்படியாகக் குறைப்பதால் பெரிய பற்றரிக்கான தேவை குறைகிறது.

மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது. இது வெறும் கணக்கு, தவறவும் செய்யும். நமது நாட்டில் ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் பிற்பகல் முகில் தலைக்கு மேலேயே உருவாகிறது. நகர்ந்து வராத முகிலை இந்த முறையால் கணிப்பது கடினம். வில்லையில் தூசியோ மழைத்துளியோ படிந்தாலும் கணக்குப் பிழைக்கும்.

ஆகவே, ஜெனரேட்டருடன் சோலாரை இணைத்து நடத்தும் ஆலை, ஹோட்டல் உரிமையாளர்களிடம் எவராவது இதை விற்க வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போதுள்ள உற்பத்தியே 10 நிமிடம் கழித்தும் இருக்கும் என்று சும்மா சொல்வதைவிட, உங்கள் கணிப்பு எவ்வளவு திறம்?" பதில் இல்லையென்றால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். கூரையில் 5 கிலோவோட் வைத்திருக்கும் கடைக்காரருக்கு இந்தக் கெமரா தேவையே இல்லை.

ஆனால் அவருக்கும் இதில் பங்குண்டு. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையின்போது, மின் கேள்வி குறைவு என்பதால், பகலில் பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அன்றைய பிரச்சினை மிகை உற்பத்தி. அதற்கு மருந்து பற்றரிச் சேமிப்பு. திடீர்க் குறைவுக்கு மருந்து முன்கணிப்பு. இரண்டும் இல்லாவிட்டால் அதிகாரிகளின் கையில் மிஞ்சுவது "நிறுத்துங்கள்" என்ற ஒரே வழிதான். கடன்பட்டுப் பெனல் பூட்டியவரின் தவணை அன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நமது வர்த்தக சங்கங்கள் யூனிட் விலையைப் பற்றி மட்டும் பேசாமல், இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே எனது கருத்து.