கார் ஓடிய கணக்கு

மோட்டார் காரை ஓட்டுபவரின் கண்ணெதிரே வட்டமான முகப்பு ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள முள், வண்டியின் வேகத்தைக் காட்டுகிறது. பழைய கார்களில் அதே முகப்பில் சிறிய சாளரம் ஒன்றும் உண்டு. அதனுள் வரிசையாக நிற்கும் எண்கள், வண்டி இதுவரை ஓடிய மொத்தத் தூரத்தைச் சொல்கின்றன. வண்டி நின்றதும் முள் தன் வேகத்தை மறந்துவிடும். எண்களோ எதையும் மறப்பதில்லை. இந்தக் கருவிக்கு ஓடோமீட்டர் என்று பெயர். நாம் தூரமானி என்போம். அது பழுதுற்றால் எவ்வாறு சீர்செய்வது என்பதே இன்றைய பேச்சு.

தூரத்தை எண்ணும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர், இதற்கென ஒரு வண்டியைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். ரோமானிய மைல் 5000 அடி கொண்டது. வண்டிச் சக்கரம் ஒரு சுற்றில் 12½ அடி செல்லுமானால், 400 சுற்றில் ஒரு மைல் முடியும். அவ்வாறு முடியுந்தோறும் பற்சக்கரங்கள் நகர்ந்து, ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் விழச் செய்யும். பயணத்தின் முடிவில் கற்களை எண்ணினால் மைல்கள் தெரிந்துவிடும்.

கூழாங்கல் செய்த வேலையைப் பழைய கார்களில் எண் சக்கரங்கள் செய்கின்றன. ஒரே தண்டில் பல சக்கரங்கள் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 0 முதல் 9 வரை எண்கள் உண்டு. வலக்கோடியிலுள்ள சக்கரம் முழுச் சுற்று ஒன்றை முடிக்கும்போது, இடையிலுள்ள சிறு பற்சக்கரம் ஒன்று, இடப்புறச் சக்கரத்தைப் பத்தில் ஒரு பங்கு தள்ளிவிடும். கூட்டல் கணக்கில் பத்து சேர்ந்ததும் ஒன்றை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்கிறோம் அல்லவா? அதே செயல்தான் இது. 1642-ஆம் ஆண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர், வரி அலுவலரான தம் தந்தைக்காகக் கணக்கிடும் பொறி ஒன்றை அமைக்கத் தொடங்கியபோது, அவர் தீர்க்க வேண்டியிருந்ததும் இந்தப் பத்தாம் இடச் சிக்கலையே.

இனிப் பழுதுக்கு வருவோம். ஜெர்மனியில் உருவான போர்ஷே 911 என்னும் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1980-களில் வெளிவந்த அக்கார்களில் முள் சரியாக வேலை செய்யும்; எண்கள் மட்டும் அசையாமல் நின்றுவிடும். இது பலரும் கண்ட குறை. இங்கே சற்றுச் சிந்தியுங்கள். முள்ளுக்கும் எண்களுக்கும் செய்தி ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. இரண்டும் நின்றால் கம்பியையோ, வேகத்தை உணரும் உறுப்பையோ ஐயுறலாம். முள் ஓடி எண்கள் மட்டும் நின்றால், குறை கருவியின் உள்ளேதான் இருக்க வேண்டும். திருகாணியைத் தொடுமுன் இவ்வளவையும் அறிவினாலேயே கண்டுவிடலாம்.

உள்ளே ஒரு சிறு மின்மோட்டார், பற்சக்கரங்களின் வழியே எண் சக்கரங்களின் தண்டைச் சுழற்றுகிறது. அத்தண்டு எஃகினாலானது. அதன்மேல் இறுக்கி ஏற்றப்பட்ட பற்சக்கரமோ மெதுவான வார்ப்பு உலோகத்தாலானது. இரண்டையும் பிணைப்பது வெறும் இறுக்கமே. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பிடி தளர்கிறது. பிறகு பற்சக்கரம் சுழலும், தண்டு சுழலாது. 9 என்னும் எண்கள் பல சேர்ந்து ஒருங்கே 0 ஆகும் தறுவாயில் எல்லாச் சக்கரங்களும் ஒன்றாகப் புரள வேண்டியிருப்பதால் சுமை மிகுதி; தளர்ந்த பிடி அப்போது நழுவக்கூடும். அன்றன்றைய பயணத்தைக் காட்டும் சிறு எண்களை வண்டி ஓடும்போதே சுழியாக்குவதும் பற்களுக்குக் கேடு. வண்டியை நிறுத்திய பிறகே அதைச் செய்தல் வேண்டும்.

சீர்செய்யும் முறை எளியது; ஆனால் பொறுமை வேண்டும். முதலில் பாட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். ரப்பர் வளையத்தின் பிடியில் நிற்கும் கருவியை மெல்ல வெளியே எடுத்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக விளிம்பைச் சிறிது சிறிதாக நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு கோணிவிடும். முள்ளை அசைத்தல் கூடாது. அசைந்தால் வேகம் பிழையாகும். எண்கள் இடம் மாறாதபடி சிறு ஒட்டுத்தாளால் அவற்றை நிறுத்திக்கொண்டு, தண்டைச் சற்றே நகர்த்தி, பற்சக்கரம் அமரும் இடத்தை அரத்தால் சொரசொரப்பாக்க வேண்டும். அங்கே உலோகம் ஒட்டும் பசையில் ஒரு துளி மட்டும் இட்டுத் தண்டை மீண்டும் பொருத்த வேண்டும். இரண்டாவது துளி எண் சக்கரங்களுக்குள் வழிந்தால், பழுதைத் தீர்க்க வந்த பசையே புதிய பழுதாகிவிடும்.

எண்கள் மீண்டும் ஓடுகின்றன, வேலை முடிந்ததா? இல்லை. கருவி நின்றிருந்த நாட்களில் கார் ஓடிய தூரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த எண்ணை நம்பித்தான் நாளை ஒருவர் அக்காரை விலைகொடுத்து வாங்குவார். கருவியைத் திறக்கத் தெரிந்த கைக்கு எண்ணைக் குறைத்து வைக்கவும் தெரியும். ஆகவேதான் சட்டம் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தூரமானியில் மோசடி செய்வதைத் தடுத்தது. பழுது பார்த்தபின் பழைய எண்ணையே நிறுத்த இயலாவிடில், எண்களைச் சுழியாக்கி, முன்பிருந்த தூரத்தையும் பழுது பார்த்த நாளையும் எழுதி இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஜெர்மனியிலும் 2005 முதல் இத்தகைய மோசடி தண்டனைக்குரிய குற்றமாகும்.

இவ்விதியை நான் படித்தபோது பள்ளி வருகைப் பதிவேடுதான் நினைவிற்கு வந்தது. அதில் தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்க ஆசிரியர்களை நான் விட்டதில்லை. தவற்றைச் சிவப்பு மையால் அடித்து, சரியானதை அருகில் எழுதி, கையொப்பமும் நாளும் இட வேண்டும். தவறும் தெரிய வேண்டும். திருத்தமும் தெரிய வேண்டும். தூரமானியைச் சீர்செய்தவரும் அவ்வாறே, அது நின்ற நாளையும், மீண்டும் ஓடிய நாளையும், விடுபட்ட தூரம் ஏறத்தாழ எவ்வளவு என்பதையும் வண்டியின் பராமரிப்பு ஏட்டில் குறித்து வைக்கக் கடமைப்பட்டவர்.

கைத்திறன் சக்கரத்தை ஓடச் செய்யும். அது காட்டும் எண்ணை மெய்யாக்குவது, அந்த ஏட்டில் எழுதும் ஒரு வரியே.