சளி ஏன் பச்சையாகிறது தெரியுமா?

மூன்று நாள் காய்ச்சல், மூக்கடைப்பு, இருமல். நான்காம் நாள் காலை வாஷ்பேசினில் சளியைத் துப்பிவிட்டு ஒரு நொடி பாருங்கள். முதல் நாள் தண்ணீராக ஓடியது இப்போது கெட்டியாகி, பச்சையாக இருக்கும். "கிருமி முத்திப்போச்சு" என்று பயந்து மருந்துக்கடைக்கு ஓடுவோம். ஆனால் அந்தப் பச்சை, பெரும்பாலும் கிருமியின் நிறமே இல்லை தெரியுமா? அது நம் சொந்த உடம்பின் நொதி ஒன்றின் நிறம்!

பெயர் மைலோபெராக்சிடேஸ். 1941-ல் இதைச் சீழிலிருந்து பிரித்தெடுத்த ஸ்வீடன் விஞ்ஞானி ஷெல் ஆக்னர், நிறத்தைப் பார்த்துவிட்டு 'வெர்டோபெராக்சிடேஸ்', அதாவது 'பச்சைப் பெராக்சிடேஸ்' என்றே பெயர் வைத்தார். ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புதான் இதற்குள்ளும் இருக்கிறது. அமர்ந்திருக்கும் விதம் வேறு, அதனால் பச்சை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இதை மூட்டை மூட்டையாகச் சுமந்து திரிகின்றன. தண்ணீரை நீக்கிவிட்டு எடை போட்டால், அந்த அணுவில் சுமார் 5 சதவீதம் இந்த ஒரே நொதிதான்!

அது என்ன செய்கிறது என்பது இன்னும் வியப்பு. கிருமியைக் கண்டதும் நியூட்ரோஃபில் ஆக்சிஜனை மடமடவென உறிஞ்சி ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறது. மைலோபெராக்சிடேஸ் அதை உடம்பின் உப்பிலுள்ள குளோரைடோடு சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலமாக்குகிறது. கிணற்றில் போடுகிறோமே பிளீச்சிங் பவுடர், அது தண்ணீரில் கரைந்ததும் உண்டாகிறதே, அதே அமிலம்! நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைப் பெற்று அனுப்புகிறது. சளியில் வந்து விழும் பச்சை, போரில் மாண்ட அவற்றின் மிச்சம். பச்சையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வைரஸ் சளியும் பச்சையாகும், வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றுமே செய்யாது.

பிளீச் முரட்டு ஆயுதம். அளவு மீறினால் நுரையீரலையே புண்ணாக்கிவிடும். வைரஸோ செல்லுக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளும் சாதி. வீட்டுக்குள் புகுந்த திருடனை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் எனக்கு மெய்சிலிர்க்கும். ஃபுளூ, கொரோனா போன்ற வைரஸ்கள் தங்கள் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும்போது நீளமான இரட்டை இழை உருவாகிவிடும். நம் செல்லில் இயல்பாக அப்படிப்பட்ட நீள இழை இருப்பதில்லை. ஓஏஎஸ் என்ற நொதி அந்த இழையைத் தொட்ட மாத்திரத்தில் ஒரு சின்னஞ்சிறு சங்கிலியைக் கோக்கத் தொடங்குகிறது. உயிருலகில் ஆர்.என்.ஏ.வின் கண்ணிகள் வழக்கமாக இணைவது, அவற்றின் சர்க்கரையிலுள்ள 3-ஆம் எண் கார்பனுக்கும் 5-ஆம் எண் கார்பனுக்கும் இடையில். இந்தச் சங்கிலி மட்டும் 2-க்கும் 5-க்கும் இடையில் இணைகிறது. விசித்திரமான முடிச்சு! அதைக் கண்டதும், தனித்தனியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆர்.என்.ஏஸ்-எல் நொதிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து கத்தரிக்கோலாகின்றன. பிறகு வைரஸுடையது, நம்முடையது என்ற பேதமே இல்லை, செல்லுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வை வெட்டித் தள்ளுகின்றன. செல் செத்தாலும் சாகும், வைரஸை வெளியே விடாது. பி.கே.ஆர் என்ற இன்னொரு நொதி அதே இழையைப் பார்த்ததும் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும்.

வைரஸ் புகுந்துவிட்டது என்ற செய்தி பக்கத்துச் செல்லுக்கு எப்படிப் போகிறது தெரியுமா? 1957-ல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ழான் லிண்டன்மனும், சூட்டில் செயலிழக்க வைத்த ஃபுளூ வைரஸைக் கோழிமுட்டைச் சவ்வோடு ஊறவைத்தார்கள். அந்த நீரைப் புதிய சவ்வில் விட்டால், அதில் உயிருள்ள வைரஸ் வளரத் திணறியது! அந்த நீரில் இருந்த பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயரிட்டார்கள். செல்லுக்குச் செல் பறக்கும் எச்சரிக்கை அது. வாங்கிய செல் ஓஏஎஸ் போன்ற நொதிகளை முன்கூட்டியே குவித்துவைக்கும். ஃபுளூவில் அடித்துப்போட்டாற்போல் உடம்பு வலிக்கிறதே, அதில் இன்டர்ஃபெரானுக்கும் பங்குண்டு. மருந்தாக ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் அதே காய்ச்சல், அதே வலி வந்தது.

அதே லிண்டன்மன் 1962-ல், ஃபுளூ கொடுத்தாலும் சாகாத ஓர் எலி வகையைக் கண்டார். காரணம் எம்எக்ஸ் என்ற புரதம். ஜிடிபி என்னும் எரிபொருளை உடைத்து இயங்கும் நொதி. ஆய்வுக்கூடங்களில் வளரும் பெரும்பாலான எலி வகைகளில் இந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. மனிதர்களிடம் அதன் உறவினரான எம்எக்ஸ்-ஏ நன்றாகவே வேலை செய்கிறது!

இத்தனையையும் தாண்டி வைரஸ் பெருகிவிட்டால், கொலையாளி டி-செல் வருகிறது. தொற்றிய செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரினால் துளையிட்டு, கிரான்சைம் நொதியை உள்ளே செலுத்துகிறது. அந்தச் செல் வெடித்துச் சிதறாமல் சுருங்கி, ஒழுங்காக மடிந்துபோகிறது.

வைரஸ் மட்டும் சும்மா இருக்குமா? ஃபுளூ, என்எஸ்1 என்ற புரதத்தால் தன் இரட்டை இழையைப் போர்த்தி மறைக்கிறது. கொரோனாவோ செல்லுக்குள் சவ்வுப் பைகள் கட்டி அதற்குள் ஒளிகிறது. ஆனால் சிலரிடம் ஓஏஎஸ்1 நொதியின் வாலில் ஒரு கொழுப்புக் கொக்கி இருக்கிறது. அந்தக் கொக்கியால் அது நேராகச் சவ்வுகளுக்கே போய் மாட்டிக்கொள்கிறது. கோவிட் நோயாளிகளை ஆராய்ந்த ஹியூகோ ஜீபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2021-ல் சொன்னதைக் கேளுங்கள்: நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்த, ஓஏஎஸ் மரபணுக்கள் அடங்கிய ஒரு பகுதி, ஒரு பிரதிக்குச் சுமார் 22 சதவீதம் தீவிர நோய் அபாயத்தைக் குறைக்கிறது! கொக்கியுள்ள வடிவமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

லாட மூக்கு வௌவால்களிடமோ, மரபணுவுக்குள் எங்கிருந்தோ குதித்துப் புகுந்த ஒரு துண்டு அந்தக் கொக்கியை அறுத்துவிட்டிருக்கிறது. சார்ஸ் குடும்பக் கொரோனா வைரஸ்கள் குடியிருப்பது அந்த வௌவால்களில்தான்!