நனைந்த வேட்டியை நம்பாதீர்கள்

படுக்கையோரம்: நர்சிங் மாணவர்களுக்கான தொடர் – 14

ஆண்கள் வார்டில் காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவசர அவசரமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "யூரின் போச்சா தாத்தா?" பக்கத்தில் மருமகள் நிற்பார். அடுத்த கட்டிலில் தெரிந்தவர் யாராவது படுத்திருப்பார். கேட்பதோ பேத்தி வயதுப் பெண். "போச்சும்மா" என்றுதான் பதில் வரும். கேஸ் ஷீட்டில் டிக் விழுந்துவிடும். அந்தப் பெரியவரின் அடிவயிற்றில் ஒரு லிட்டர் தேங்கி நிற்கலாம்.

அவர் பொய் சொல்லவில்லை. சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது, வேட்டியும் நனைந்திருக்கிறது. நிரம்பிய தொட்டி வழிகிறதே, அதுதான் அது. 'கட்டுப்பாடு இல்லை' என்று எழுதி டயாப்பர் கட்டிவிட்டுப் போவதை வார்டுகளில் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவருக்குக் கட்டுப்பாடு போகவில்லை, வழி அடைபட்டிருக்கிறது. அடைப்பு நீண்டால் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்களையே கெடுத்துவிடும்.

அடைப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் புராஸ்டேட். சிறுநீர்ப்பையின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளவயதில் ஏறக்குறைய 20 கிராம். நடுவயதுக்குப் பிறகு பெருக்க ஆரம்பிக்கிறது. 50களில் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்குத் திசு அளவில் இந்த வீக்கம் இருக்கும்; 80 வயதைத் தாண்டினால் பத்தில் எட்டுப் பேருக்கு. அத்தனை பேருக்கும் தொந்தரவு வருவதில்லை. "கேன்சரா சிஸ்டர்?" என்று குடும்பத்தார் கட்டாயம் கேட்பார்கள். இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே சுரப்பியில் இரண்டும் சேர்ந்து இருக்கலாம். அதனால்தான் டாக்டர் ஆசனவாய் வழியே விரலால் பரிசோதிக்கிறார், தேவைப்பட்டால் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் எழுதுகிறார். நோயாளி ஃபினாஸ்டிரைடு மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட்டிருந்தாலே பி.எஸ்.ஏ. அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே எந்த மாத்திரை, எத்தனை மாதமாக என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள்.

கேட்கும் விதத்தை மாற்றினாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். ஸ்கிரீனை இழுங்கள். மருமகளைக் கேன்டீனுக்குக் காபி வாங்க அனுப்புங்கள். உட்கார்ந்துகொண்டு மெதுவாகக் கேளுங்கள்: "ஐயா, உடனே வருதா, முக்கணுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? போயிட்டு வந்தும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா?" உலகம் முழுவதும் பயன்படும் ஏழு கேள்விப் படிவமும் இவற்றைத்தான் கேட்கிறது. மொத்த மதிப்பெண் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

அப்புறம் கையை வைத்துப் பாருங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தொப்புளிலிருந்து கீழ்நோக்கி மெல்ல அழுத்துங்கள். காலியான சிறுநீர்ப்பை இடுப்பெலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், கைக்குத் தட்டுப்படாது. நிரம்பியிருந்தால் உருண்டையாக, கெட்டியாகத் தெரியும். தட்டினால் மந்தமான ஒலி வரும். லேசாக அழுத்தும்போதே "முட்டுதும்மா" என்பார். திடீரென அடைத்தவர் வலியில் துடிப்பார், அவரை யாரும் தவறவிடுவதில்லை. மாதக்கணக்கில் சிறுகச் சிறுக அடைத்தவருக்கு வலியே இருக்காது. எனக்குப் பயமெல்லாம் அவரைப் பற்றித்தான். இரவெல்லாம் கத்துகிறார், ட்யூபைப் பிடுங்குகிறார் என்று முதியவர் ஒருவருக்குத் தூக்க ஊசி கேட்டு டாக்டருக்குப் போன் போடும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

நேற்றுவரை ஓரளவு போய்க்கொண்டிருந்தவருக்கு இன்று ஏன் அடைத்தது? மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சளி மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். சூடோஎஃபெட்ரினும் சில ஆன்டிஹிஸ்டமின்களும் இதைச் செய்யும். நாலு நாள் மலச்சிக்கலும் செய்யும். குடலிறக்க ஆபரேஷனுக்கு முதுகில் போட்ட மயக்க ஊசிகூடக் காரணமாகலாம்.

இனி கத்தீட்டர். இன்று நாம் போடும் பலூன் கத்தீட்டரை 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கினார். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கசிவை அழுத்தி நிறுத்தத்தான் பலூனை முதலில் யோசித்தார். பெண்ணின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர், ஆணுக்கு 20. இந்த வித்தியாசத்தை மறந்தால் ஆபத்து. ஆணுக்குப் போடும்போது சிறுநீர் வந்தவுடனே பலூனை ஊதக் கூடாது. அப்போது பலூன் குழாய்க்குள்ளேயே இருக்கலாம், ஊதினால் கிழியும். கத்தீட்டர் இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுக்க உள்ளே செலுத்திவிட்டு, ஸ்டெரைல் வாட்டரால் நிரப்புங்கள். சலைன் வேண்டாம், உப்பு படிந்து பின்னால் பலூன் வடியாமல் போகலாம். நிரப்பும்போது முகம் சுளித்தால் நிறுத்துங்கள். உள்ளே போக மறுத்தால் பலத்தைக் காட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்ததும், பின்னுக்குத் தள்ளிய முன்தோலைப் பழையபடி முன்னே கொண்டுவருவதை மறக்கவே கூடாது. விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் வீங்கி இறுகிவிடும்.

எவ்வளவு வடிந்தது என்பதை உடனே அளந்து எழுதுங்கள். ஒரேயடியாக வடிக்காமல் இடையிடையே கிளாம்ப் போட வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். பிற்கால ஆய்வுகளில் அதனால் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அடுத்த சில மணி நேரம். அடைப்பு நீங்கிய சிறுநீரகம் தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொட்டலாம். மணிக்கு 200 மில்லிக்கு மேல் இரண்டு மணி நேரம் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள்.

கத்தீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் வரை கிருமி சேரும் வாய்ப்பு உண்டு. எனவே தினமும் "இது இன்னும் தேவையா சார்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கம் அல்ல, உங்கள் வேலை. யூரின் பேக் தரையில் படக் கூடாது, சிறுநீர்ப்பை மட்டத்துக்கு மேலே போகவும் கூடாது. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பேக்கைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கிறார்களே, அந்த ஒரு நிமிடத்தில் பழைய சிறுநீர் உள்ளே திரும்புகிறது. கல்ச்சருக்கு மாதிரி எடுப்பது போர்ட்டிலிருந்துதான், பேக்கிலிருந்து அல்ல. குளிர்நடுக்கம், விலாவுக்குப் பின்புறம் வலி, வாந்தி என்று வந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்த ஆபரேஷனுக்குப் பின் மூன்று வழிக் கத்தீட்டரில் சலைன் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே சலைன் இறங்குகிறது, பேக் மட்டும் நிறையவில்லை, "வயிறு வெடிக்குதும்மா" என்கிறார் என்றால் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. உள்ளே போவதை முதலில் மூடுங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள். பேக்கில் இருக்கும் மொத்த அளவிலிருந்து ஏற்றிய சலைனைக் கழித்தால் வருவதுதான் அவருடைய சிறுநீர். இந்தக் கழித்தலைச் செய்யாமல் எழுதிய சார்ட்டால் யாருக்கும் பயன் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது, டாம்சுலோசின் சாப்பிடுகிறவரிடம் படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது, தலைசுற்றி விழ நேரும் என்று சொல்லுங்கள். ஃபினாஸ்டிரைடு மாத்திரை உடைந்தோ நொறுங்கியோ இருந்தால் கர்ப்பிணிகள் அதைக் கையால் தொடக் கூடாது, வயிற்றில் உள்ள ஆண் சிசுவைப் பாதிக்கலாம். இது வீட்டிலிருக்கும் மருமகளுக்கும், மருந்து வண்டி தள்ளும் உங்களுக்கும் பொருந்தும்.

(அடுத்த வாரம்: டயாலிசிஸ் நோயாளியின் கை)